நண்டுக்காக மீன் வாங்காத வீடு

அக்கா,

இன்று மதியம் பக்கத்து வீட்டில் கோமதி மைனி சாளை மீன் பொரித்தாள். மாதக்கணக்கில் அந்த அடுக்களையிலிருந்து வராத வாடை. மிளகும் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் சேர்ந்து மதிலைத் தாண்டி, வராந்தாவில் சற்றுத் தயங்கி, என் அறைக்குள் நுழைந்தது. நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். இனி அதற்குத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

சாத்திவிட்டு உட்கார்ந்த பிறகுதான், இதையெல்லாம் உன்னிடம் இன்னும் சொல்லவில்லை என்பது உறைத்தது. ஜன்னல் சாத்தும் பழக்கம் நீ போனபிறகு வந்தது. ஆனால் அது தொடங்கிய இடம் உனக்குத் தெரிந்த இடம்தான். தெரிந்ததை விட்டுவிட்டுச் சொல்ல எனக்கு வராது. பொறுத்துக்கொள்.

நெய்யூர் ஆஸ்பத்திரியில் அன்று ஸ்கேன் படத்தை வாங்கியதும், டாக்டரின் அறைக்குப் போகுமுன்பே நடைவழி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாய். மஸ்கட்டில் அத்தனை வருடம் நர்ஸாக இருந்தவளுக்கு அது போதும். பஸ் போர்டைப் படிப்பது போலப் படித்துவிட்டு உறைக்குள் போட்டாய். பிறகு டாக்டர் சொன்னதை அவருக்காகக் கேட்டுக்கொண்டாய். அவர் வார்த்தை தேடித் தடுமாறிய இடத்தில், "சொல்லுங்க டாக்டர், பரவாயில்ல" என்று அவருக்குத் தைரியம் கொடுத்தாய். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் யானைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு யானைகள். ஒன்று குட்டி.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும், "கடல பாத்துட்டு போவோம்" என்றாய். ஆட்டோ கடியப்பட்டணம் பாதையில் திரும்பியது.

கடலைப் பார்க்கிறேன் என்று போனவள் கடலைப் பார்க்கவில்லை. பாறைகளுக்குப் பக்கத்தில் ஒரு காக்கை எதையோ புரட்டிப் புரட்டிக் கொத்திக்கொண்டிருந்தது.

"ஏலே, அந்தக் காக்காய வெரட்டு."

விரட்டினேன். ஒரு சங்கு. அதற்குள் ஒரு நண்டு. பாடப்புத்தகத்தில் துறவி நண்டு என்று பெயர் போட்டிருப்பார்கள். அடுத்தவன் கட்டிய வீட்டில் வாடகையில்லாமல் குடியிருக்கும் பிராணிக்கு இந்தப் பெயரை வைத்தவர், சில துறவிகளை நேரில் பார்த்திருக்க வேண்டும். அதன் இடதுபக்கப் பெரிய கை போய்விட்டிருந்தது. உள்ளே ஒடுங்கியதும் சங்கின் வாயை அடைக்கிற கதவு அந்தக் கைதான். அதே பக்கத்தில் இரண்டு கால்களும் இல்லை. கதவு போன வீட்டுக்குள் மிச்சக் கால்களை இழுத்துவைத்துக்கொண்டு அது ஒடுங்கியிருந்தது.

"செத்துப்போவும் அக்கா" என்றேன்.

"எல்லாந்தான் சாவும். அந்த டிபன் டப்பாவத் தொற."

காலையில் இட்லி கொண்டுபோன டப்பா. அதில் ஈரமணலைப் போட்டு அதை வைத்தாய். வீடு வரும்வரை, அது என்ன தின்னும், மூடியைத் திறந்து வைக்கலாமா, தண்ணீர் குடிக்குமா என்று பேசிக்கொண்டு வந்தோம். ஸ்கேன் உறை உன் மடியில் கிடந்தது. டப்பா அதன்மேல் இருந்தது. ஆட்டோக்காரர் இறக்கிவிடும்போது, "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டார். "ஒரு கையும் ரெண்டு காலும் போச்சு" என்றாய். அவர் உன் கைகால்களை ஒருமுறை பார்த்துவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

உன் நோயைப் பற்றிப் படிக்க எனக்குத் துணிவில்லை. நண்டைப் பற்றிப் படித்தேன். வாழ்நாளெல்லாம் நூலகத்தில் வேலை பார்த்தவனுக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும் எதையாவது படிக்க வேண்டும். வெளிநாடுகளில் இந்த நண்டை வீட்டில் வளர்ப்பவர்கள் ஏராளம், அக்கா. எல்லோரும் எழுதுகிறார்கள். அவர்கள் சொன்னபடி போனிலேயே ஒவ்வொன்றாக வாங்கினேன். கடல்நீர் தயாரிப்பதற்கான உப்பு ஒரு பொட்டலம் பெங்களூரிலிருந்து வந்தது. கூரியர்காரர் கடற்கரைச் சாலை வழியாகத்தான் அதைக் கொண்டுவந்தார். நீ பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"கடலு இன்னைக்கு லீவா மக்கா?" என்றாய்.

நண்டு புதைந்து கிடக்கத் தேங்காய் நார்த்தூள் வேண்டும் என்றிருந்தது. அழகான அட்டைப்பெட்டியில் செங்கல் போல அழுத்திய ஒரு கட்டி வந்தது. பெட்டியின் மேலே வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. அடியில், கண்ணாடி போட்டுப் பார்த்தால் தெரிகிற எழுத்தில், தயாரித்த ஊர் நாகர்கோவில் பக்கம். நம் தோப்புத் தேங்காய் மட்டையே ஒரு சுற்றுப்பயணம் போய்விட்டுத் திரும்பியிருக்கலாம். தண்ணீரில் குளோரினை நீக்கும் சொட்டுமருந்தும் வாங்கினேன். நம் கிணற்றுத் தண்ணீரில் குளோரின் கிடையாது. அதனால் மருந்து நன்றாக வேலை செய்தது.

நீ இதையெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டு உன் வேலையைத் தொடங்கினாய். கண்ணாடித் தொட்டியில் மணலையும் நார்த்தூளையும் கலந்து புட்டுப் பதத்துக்கு நனைத்தாய். "பிடிச்சா பிடிபடணும், விட்டா உதுரணும்" என்று பிசைந்து காட்டினாய். ஒரு கிண்ணத்தில் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் கடல் தண்ணீர். கடல் தண்ணீரை மீன்காரி ஸ்டெல்லா பாட்டிலில் கொண்டுவந்தாள். தேங்காய்ப் பூ, முட்டை ஓட்டுப் பொடி, ஒரு சிட்டிகை சென்னாக்கூனிக் கருவாடு. தொட்டியை உன் கட்டிலுக்குப் பக்கத்தில், வெளிச்சம் படாத மூலையில் வைக்கச் சொன்னாய். மேலே ஈரத்துணி. நண்டுக்குப் பெயர் வைக்கலாம் என்றேன். "வார்டுல பேரு சொல்லிக் கூப்பிட்டா பாசம் வந்துரும். பேஷண்ட்னு சொல்லு, போதும்" என்றாய். அன்றிலிருந்து அவன் பேஷண்ட்.

காலையில் எழுந்ததும் முதலில் அவனைப் பார்ப்பாய். உன் மாத்திரைகள் அதன்பிறகு. இதைக் கண்டித்து நான் ஒன்றும் சொல்லவில்லை. மாத்திரைகளைப் பற்றி நமக்குள் பேச்சு எதுவும் இருக்கவில்லை.

பிறகு செய்தி ஊரில் பரவியது. நோயாளி பார்க்க வருவது நம் பக்கத்தில் ஒரு கலை. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், அரை டஜன் ஆரஞ்சு, ஒரு ரொட்டி. அதோடு இதே நோயில் செத்துப்போன ஒரு சொந்தக்காரர். முதல் மூன்றையும் மேசைமேல் வைத்துவிட்டு நான்காவதைக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவிழ்ப்பார்கள். முதலில் வந்தவர்கள் தாணு அண்ணனும் அவர் வீட்டுக்காரி கோமதி மைனியும். தாணு அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "எனக்க மச்சினனுக்கும் இதேதான் பாத்துக்கோ. நல்லாத்தான் இருந்தான்..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணே, நோயாளி நான் இல்ல" என்றாய். "அங்கன மூலையில இருக்கான். துணிய மாத்திப் பாருங்க."

தாணு அண்ணன் துணியை விலக்கிப் பார்த்தார். மச்சினன் அதோடு போனான்.

"நண்டா? கறி வைக்கவா வளக்குதிய?" என்றாள் மைனி.

"ஒரு கை போயிட்டு மைனி. திரும்ப மொளைக்கும்."

"கை மொளைக்குமா?"

"சட்ட உரிக்கும்போ மொளைக்கும். சின்னதா வரும். அடுத்த தடவ கொஞ்சம் பெருசா வரும்."

தாணு அண்ணன் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக் கொண்டு, "கொள்ளாமே" என்று வியந்தார். "நமக்கும் இப்பிடி இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்."

"ஆரஞ்சு அவனுக்கு ஆகாது. ஹார்லிக்ஸ் கேட்டுப் பாக்கணும்" என்றாய் நீ.

அதன்பிறகு வந்த ஒருவரும் உன்னிடம் உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. படியேறும்போது துக்கமாக ஏறினார்கள். இறங்கும்போது நண்டின் கையைப் பற்றி வாதம் செய்துகொண்டு இறங்கினார்கள். எல்லோரும் போனபிறகு தலையணையில் சாய்ந்து, "நர்ஸ் வேலையில பாதி என்ன தெரியுமா? பாக்க வாறவங்ககிட்ட இருந்து பேஷண்ட காப்பாத்துகது" என்றாய். மேசையில் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் அணிவகுத்து நின்றன. அவற்றில் சில இன்னும் இருக்கின்றன. நான் ஹார்லிக்ஸ் குடிப்பதில்லை, உனக்குத் தெரியும்.

பேஷண்ட் தின்பதைக் குறைத்தான். கடல் தண்ணீரிலேயே கிடந்தான். கண்கள் மங்கின. கை இருந்த இடத்தில் கண்ணாடிபோல ஒரு சிறு மொட்டு தெரிந்தது. நான் பயந்தேன். நீ பார்த்துவிட்டு, "இனி உள்ள போவான்" என்றாய். அடுத்த நாளே மூலையில் தோண்ட ஆரம்பித்தான். ஒரு கை இல்லாமல் தோண்டுவது அவ்வளவு எளிதில்லை. மணல் சரியும், நிற்பான், மறுபடி தோண்டுவான். நீ எழுந்து உட்காரப் பலமில்லாமல் பக்கவாட்டில் படுத்தபடி அன்று முழுதும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சங்கின் நுனி மணலுக்குள் மறைந்ததும் எனக்கு உத்தரவு போட்டாய்.

"இனி தோண்டிப் பாக்கப்பிடாது. சட்ட உரிச்சிட்டு மெத்துன்னு கெடப்பான். தொட்டா செத்தான். மேல தண்ணி மட்டும் தெளி."

"எவ்வளவு நாளைக்கு?"

"அது அவனுக்க சவுகரியம்."

"உள்ளேயே செத்துட்டான்னா எப்பிடித் தெரியும்?"

"நாறும். மூக்க வச்சுப் பாரு. கைய வைக்காத."

அந்த வாரமே உன்னை நெய்யூருக்குக் கொண்டுபோனோம். அங்கே நீ பேசியது குறைவு. ஒருநாள் சாயங்காலம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "மணத்திப் பாத்தியா?" என்று கேட்டாய். ஊசி போட வந்த நர்ஸ் என்னைப் பார்த்தாள். "பாத்தேன். மண்ணு மணம்தான் வருது" என்றேன். "அப்பம் செரி" என்றாய். அதற்குப் பிறகு நீ சொன்ன எதுவும் எனக்கு விளங்கவில்லை. மறுநாள் நீ போய்விட்டாய்.

வீடு ஜனங்களால் நிறைந்தது. உன்னை முன்னறையில் கிடத்த வேண்டும் என்று உன் கட்டிலையும் மேசையையும் நகர்த்தினார்கள். யாரோ தொட்டியைத் தூக்கப் போனதைப் பார்த்து நான் ஓடிப்போய்த் தடுத்து, மெல்ல என் அறைக்குக் கொண்டுவந்து வைத்தேன். அன்று நான் ஓடியது அதற்கு மட்டும்தான். சாம்பிராணி, ஊதுபத்தி, ரோஜா மாலை, டீ, பினாயில். இத்தனை வாடைக்கு நடுவில் ஒன்றும் தெரியவில்லை. தொட்டியின் துணியை விலக்கித் தலையை உள்ளே விட்டு முகர்ந்துகொண்டிருந்தபோது தாணு அண்ணன் பின்னால் வந்து தோளில் கை வைத்தார்.

"அழுதுரு மக்கா. அடக்கி வைக்காத."

"மணம் ஒண்ணும் வரல்ல அண்ணே" என்றேன்.

அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். காரியங்கள் எல்லாம் முறையாக நடந்தன. உன்னைச் சுடுகாட்டில் எரித்தோம். எல்லோரும் சொன்னபடி செய்தேன். நிற்கச் சொன்ன இடத்தில் நின்றேன், குடத்தைத் தூக்கச் சொன்னபோது தூக்கினேன். பல் பிடுங்குமுன் ஊசி போட்டபிறகு கன்னம் நம்முடையது இல்லை என்பது போல இருக்குமே, அப்படி.

பதினாறு கழிந்தால் துக்க வீட்டில் மீன் கூட்டிச் சாப்பிட வேண்டும் என்பது வழக்கம். கோமதி மைனி முறை தவறாதவள். அடுத்த நாளே பாரைமீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மூடியைத் திறந்ததும் வீடு முழுக்க வாடை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வெளிநாட்டு நண்டுக்காரர்கள் எல்லோரும் ஒன்றுபோல எழுதியிருந்தார்கள்: நண்டு உயிரோடிருந்தால் மண் வாசனை வரும், செத்தால் வீட்டில் அழுகிய மீன் வாடை வரும், அதைத் தவறவிட முடியாது. இதை எழுதியவர்கள் மீன் வாடையை ஒரு செய்தியாகக் கருதும் நாடுகளில் வாழ்கிறார்கள். நம் வீட்டில் அது காற்று. காலையில் மீன் அரிந்த வாடை, மதியம் குழம்பு, சாயங்காலம் மிச்சக் குழம்பு, இரவில் பூனை. இந்தக் காற்றில் ஒரு நண்டு செத்தால் எவனுக்குத் தெரியும்? நீ சொன்ன ஒரே வழி மூக்கு. மூக்கு வேலை செய்ய வேண்டுமானால் வீட்டில் மீன் இருக்கக் கூடாது.

"வேண்டாம் மைனி. எடுத்துட்டுப் போயிருங்க" என்றேன்.

"வழக்கமுல்லா? ஒரு வாயாவது கூட்டணும்."

"நண்டு செத்தா மீன் மாதிரி நாறும். அது தெரியணும்லா மைனி. அதுக்காண்டிதான்."

மைனியின் கண் நிறைந்தது. "பிள்ளைக்கு அக்கா மேல எம்புட்டு பாசம் இருந்தா இப்பிடிப் பேசும்" என்று, நான் அங்கே இல்லாதது போல, தாணு அண்ணனிடம் சொன்னாள். குழம்பை மூடி எடுத்துக்கொண்டு அழுதபடி போனாள். பின்னாலேயே போய் இன்னொரு தடவை விளக்கினேன். இன்னும் அழுதாள்.

இப்படித்தான் நான் ஊரில் பெரிய மனிதன் ஆனேன். உடன்பிறந்தவளுக்காக மீனை விட்டவன். நாஞ்சில் நாட்டில் ஒருவன் சொத்தை விட்டான், பதவியை விட்டான் என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மீனை விட்டான் என்றால் நிற்பார்கள். நூலக வாசகர் கூட்டத்தில் ஒருவர் பாசத்தைப் பற்றிப் பேசும்போது என்னை உதாரணம் காட்டினார். கல்யாண வீடுகளில் எனக்குத் தனியாக அப்பளம் வைத்தார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு பெண், சொந்த அக்காவின் திதிக்கே போகாத புருஷனை என் பெயரைச் சொல்லித் திட்டியதாகக் கேள்விப்பட்டேன். நான் ஒவ்வொருவரிடமும் உண்மையைத்தான் சொன்னேன். நண்டுக்காக, நண்டுக்காக என்று. அதைக் கேட்டுவிட்டு அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

நம்பியவள் ஸ்டெல்லா மட்டும்தான். முதல்நாள் சட்டியை இறக்கி, "அயல நல்லா இருக்கு அண்ணே, அக்கா இருந்தா விடமாட்டாவ" என்றாள். நான் காரணத்தைச் சொன்னேன். யோசித்தாள்.

"செரிதான அண்ணே. மீனு நாறுகதும் நண்டு நாறுகதும் ஒரே நாத்தந்தான். எப்பிடித் தெரியும்?"

அவ்வளவுதான். அதற்குப்பிறகு வாசலில் சட்டியை இறக்காமல், மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, "வந்தானா?" என்று கேட்பாள். "வரல்ல" என்பேன். போய்விடுவாள். ஒரு வாடிக்கை வீட்டை இழந்ததில் அவளுக்கு என்மேல் கோபம் இருந்திருக்கலாம். நண்டின்மேல் இருந்ததாகத் தெரியவில்லை.

கோமதி மைனியும் தன் வீட்டில் மீன் பொரிப்பதை நிறுத்திவிட்டாள். நான் கேட்கவில்லை. துக்கத்தில் இருப்பவன் மூக்கில் அந்த வாடை படக்கூடாது என்று அவளாகவே தீர்மானித்தாள். தாணு அண்ணனுக்கு இதில் ஆலோசனை உரிமை இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கத்தில் அவர் நாளுக்கு நாள் வாடினார். உள்ளித்தீயலும் ரசமும் துவையலும் எனக்குப் பழகிவிட்டன. எதைத் தின்றாலும் ஒரே ருசிதான் இருந்தது, அதனால் சிரமமில்லை.

நான் தினமும் காலையில் பல் தேய்க்குமுன் தொட்டிக்குப் போவேன். பற்பசை வாடை கலக்கக் கூடாது. துணியை விலக்குவேன், குனிவேன், முகர்வேன். மண். கொஞ்சம் தேங்காய். சுற்றித் தண்ணீர் தெளிப்பேன். மூடுவேன். அன்றைய நாளில் நான் செய்ய வேண்டியது அதோடு முடிந்துவிடும். மிச்சப் பொழுதை ஏதாவது ஒரு நாற்காலியில் வைத்திருப்பேன். உன் அறையைக் கோமதி மைனி ஒருநாள் கூட்டிப் பெருக்கி, புடவைகளை என்ன செய்ய என்று கேட்டாள். நண்டு வரட்டும் என்றேன். எதைக் கேட்டாலும் அதைத்தான் சொன்னேன் போலிருக்கிறது. மின்கட்டணம் கட்டவில்லையே என்று ஆள் வந்தபோதும் அதுவே வாயில் வந்தது.

நண்டுக்காரர்கள் சொன்ன காலமெல்லாம் தாண்டிவிட்டது. மழை வந்து நின்றது. தாணு அண்ணன் ஒரு மதியம் வந்து தொட்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"மக்கா, தோண்டிப் பாத்துருவோம்."

"அக்கா வேண்டாம்னு சொல்லிருக்கு."

"செத்திருந்தா செத்துட்டுன்னு ஆயிரும்லா. எத்தன நாளைக்கு இப்பிடி? நீயும் ஒரு மனுசனா நடமாடணும். எங்களுக்கும்..." என்று நிறுத்திக்கொண்டார். அந்த 'எங்களுக்கும்' என்பதில் ஒரு கிண்ணம் மீன்குழம்பு இருந்தது.

அவரே துணியை விலக்கி மணலைத் தொட்டுப் பார்த்தார். நான் பதறிப்போய்க் குனிந்தேன். அப்போது அது வந்தது, அக்கா. மீன் வாடை. லேசாக, ஆனால் சந்தேகமில்லாமல். மூக்கை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். இருந்தது.

முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போய் ஒரு கரண்டியை எடுத்தேன். இந்தக் கரண்டி வேண்டாம், இது சாம்பார்க் கரண்டி என்று அதைத் திரும்ப வைத்துவிட்டு வேறொன்றைத் தேடி எடுத்தேன். வந்து மண்டியிட்டுக் கரண்டியை மூலையில் மணலில் ஊன்றினேன். தாணு அண்ணன், "பைய, பைய" என்று கையை என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். வாடை தொட்டியிலிருந்து வரவில்லை. கையோடு வந்தது.

அவர் மணிக்கட்டைப் பிடித்து முகர்ந்தேன். அவர் விடுவித்துக்கொள்ளப் பார்த்தார்.

"என்ன அண்ணே இது?"

"சூர மீனு" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. "திங்கள்சந்தையில ஒரு ஓட்டலு. வாரத்துல ரெண்டு நாளு. எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சேன் மக்கா, சவம் போவாட்டேங்கு. மைனிட்ட சொல்லிராத."

கரண்டியை மெல்ல வெளியே எடுத்தேன். எடுத்த இடத்தில் மணல் தானாக மூடிக்கொண்டது. கை தானாகவே கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தது. நீ போனபிறகு என் உடம்பில் தானாக நடந்த முதல் காரியம் அது என்று பிறகு தோன்றியது. தாணு அண்ணனைச் சோப்புப் போட்டுக் கைகழுவச் சொல்லி அனுப்பினேன். சொல்லவில்லை, மைனியிடம். இன்றைக்கு வரை.

பிறகு ஒரு காலையில் துணியை விலக்கினேன். மூலையில் ஒரு குழி. தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் அவன் இருந்தான். நிறம் வெளிறி, கழுவி வைத்தது போல. போன கால்கள் இரண்டும் வந்திருந்தன, மெலிசாக. இடதுபக்கம் புதுக்கை. உளுந்து அளவுக்கு. அதை அவன் இன்னும் நம்பவில்லை, உடம்போடு ஒட்டிப் பிடித்திருந்தான். கண்களை நீட்டி என்னைப் பார்த்தான். பிறகு சங்குக்குள் போய், அந்த உளுந்தை வைத்து வாசலை அடைத்தான். சுற்றிலும் இடைவெளி. இருந்தாலும் அடைத்தான்.

நான் எழுந்து உன்னிடம் சொல்வதற்காக உன் அறைக்குப் போனேன். கதவைத் திறந்து, "அக்கா, வந்துட்டான்" என்று சொன்னேன். கட்டில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. பிறகு வெளியே வந்து மதிலுக்கு மேலே மைனியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் கைகூப்பிச் சாமிக்கு நன்றி சொன்னாள். அடுக்களைக்குள் தாணு அண்ணன் சொன்ன நன்றி எனக்குக் கேட்டது.

இன்று காலை ஸ்டெல்லா வந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கவில்லை. நேராகப் படியேறி வந்து சட்டியை இறக்கினாள்.

"நண்டு வந்தாச்சுன்னு மைனி சொன்னா. இன்னா பாருங்க, சாள. இப்பந்தான் கரையேறுச்சு. இனி என்ன அண்ணே, மீனு கூட்டலாமில்லியா?"

அவள் கேட்டது நியாயம். காரணம் நான் சொன்னதுதான். காரணம் தொட்டிக்குள் எழுந்து நடமாடுகிறது. நான் சட்டியைப் பார்த்தேன். நல்ல மீன். கண்கள் தெளிவாக இருந்தன.

"வேண்டாம் ஸ்டெல்லா."

"ஏன் அண்ணே?"

வாயைத் திறந்தேன். ஊருக்கெல்லாம் அத்தனை தடவை சொன்ன பதில் செலவாகிவிட்டிருந்தது, அதன் இடத்தில் வேறு எதுவும் இல்லை. ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு தடவை கேட்கவில்லை. சட்டியிலிருந்து சிறிதாக ஒரு சாளையைத் தேடி எடுத்து, சேம்பிலைத் துண்டில் சுற்றி என் கையில் வைத்தாள்.

"அப்பம் இது ஒங்களுக்கு இல்ல. அவனுக்கு" என்றாள். சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள்.

அதை பிரிட்ஜில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தேன். இவ்வளவும் எழுதியபிறகு, இப்போது எழுந்துபோய் எடுத்துவந்தேன். ஒரு துண்டு அரிந்து தொட்டிக்குள் வைத்தேன். மிச்சத்தைத் தட்டோடு இந்த மேசையில் வைத்திருக்கிறேன். பேஷண்ட் கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தான். புதுக்கையால் பிய்க்கப் பார்த்தான், முடியவில்லை. வலது கையால் பிய்த்தான். தின்கிறான், அக்கா. நன்றாகத் தின்கிறான்.

அறை முழுக்க மீன் வாடை ஆகிவிட்டது. தொட்டிமேல் குனிந்து முகர்ந்து பார்த்தேன். மீன்தான். இத்தனை மாதமும் தினம் காலையில் எதற்குப் பயந்து குனிந்தேனோ அதே வாடை, மூக்கு நிறைய. அதற்கு நேர் கீழே அவன் தின்றுகொண்டிருக்கிறான்.

இந்த வீட்டில் செத்தது நண்டு இல்லை.